மாதம் 1,000 ரூபாய் இருக்கிறது, கேட்கத்தான் கூச்சம்

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குக் காசநோய் என்று தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் எழும் கவலை மருந்தைப் பற்றியதல்ல. ‘ஸ்கூலுக்குத் தெரிஞ்சிடக் கூடாது’ என்பதுதான். பெண் பிள்ளை என்றால் நாளைய கல்யாணப் பேச்சு வரைக்கும் யோசனை போய்விடும். அந்தப் பயத்திலேயே, சேர வேண்டிய உதவியைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

சரி, என்ன உதவி? நிக்ஷய் போஷன் என்ற மத்திய அரசுத் திட்டம். 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். சத்தான சாப்பாட்டுக்கான பணம் இது. வழக்கமான ஆறு மாத சிகிச்சை என்றால் மொத்தம் 6,000. நோய் உறுதியானதும் 3,000, சிகிச்சையில் 84 நாள் முடிந்ததும் இன்னொரு 3,000. வயது, வருமான வரம்பு கிடையாது. தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் உண்டு. காசநோயாளி வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் தனியாருக்கும் விதி. அப்படிப் பதிவானதும் கிடைக்கும் நிக்ஷய் எண்தான் எல்லாவற்றுக்கும் சாவி, அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு வங்கிக் கணக்கு இல்லையென்றால் அப்பா, அம்மா கணக்கைக் கொடுக்கலாம்.

மருந்தும் பரிசோதனையும் அரசு மருத்துவமனையில் இலவசம். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து தருவார்கள். பள்ளியில் சொன்னால்தான் பணம் என்று நிபந்தனை எதுவும் இல்லை. தினமும் மாத்திரை போடுவதைக் கவனித்துக்கொள்ளும் ஆளாக வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவது அக்கம்பக்கத்தில் பேச்சாகிவிடும் என்று தோன்றினால், தயங்காமல் அவரிடமே சொல்லி வேறு இடத்தில் சந்திக்கலாம்.

ஒட்டுவாரொட்டி என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு சென்னைக் கதை சொல்லலாம். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில், நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்க வைக்கும் மருத்துவமனையில், தங்கிச் சிகிச்சை பெற்றார்கள், மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகமே சானடோரியங்களைக் கைவிட வழிகாட்டியது இந்த ஆய்வு. மருந்துக்குக் கட்டுப்படும் காசநோயில், சரியாக மருந்து எடுத்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்திலேயே தொற்றும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். நுரையீரலில் இல்லாமல் கழுத்துக் கட்டியாக மட்டும் வரும் காசநோய் பொதுவாகப் பிறருக்குத் தொற்றாது. தட்டு, டம்ளர் மூலமும் பரவாது. ஆனாலும் பல வீடுகளில் முதலில் தனியாக எடுத்து வைப்பது டம்ளரைத்தான்!

இந்த ஒதுக்கலை அளக்கவும் கருவிகள் இருக்கின்றன. தெற்குத் தாய்லாந்தில் உருவாக்கி 2008இல் வெளியான அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. ஊரார் மனநிலைக்கு ஒரு கேள்விப் பட்டியல், நோயாளியின் மனநிலைக்கு இன்னொன்று. ‘நீங்கள் ஒதுக்குவீர்களா’ என்று நேராகக் கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். அதனால் ‘சிலர் காசநோய் உள்ள நண்பரோடு சேர்ந்து சாப்பிட விரும்பமாட்டார்கள்’ என்பதுபோல் மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லி, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று கேட்டு மதிப்பெண் போடுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான வழிதான்.

ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இதை அப்படியே நீட்டினால் பாதிதான் பிடிபடும் என்று எனக்குப் படுகிறது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் தள்ளிப் போனாளா, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்களா, மாத்திரையை எங்கே ஒளித்து வைக்கிறாய் என்றெல்லாம் அல்லவா கேட்க வேண்டும்? அப்புறம், அம்மா பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் வரும் பதில் அம்மாவுக்கான பதிலாகத்தான் இருக்கும்.

பணம் வரவில்லை, பதிவானதா என்று தெரியவில்லை என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். பேசும்போது நிக்ஷய் எண் கையில் இருக்கட்டும்.