சுரண்டுவதற்கு முன்: பழைய ஆம்புலன்ஸ், அமரர் ஊர்தி வாங்குபவர்களுக்கு

பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதை ஒரிஜினலா மாத்த எவ்வளவு ஆகும்?" மஸ்டாங், இம்பாலா மாதிரி வண்டி என்றால் தோராயமாக ஒரு தொகை சொல்லிவிடலாம். கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்தது என்பதற்குப் புத்தகம் இருக்கிறது, பாகங்களும் கிடைக்கின்றன. ஆனால் 1950, 60-களின் அமெரிக்க ஆம்புலன்ஸோ அமரர் ஊர்தியோ வந்து நின்றால் நான் உடனே விலை சொல்வதில்லை. எந்த வருஷத்து ஒரிஜினல் வேண்டும் என்று திருப்பிக் கேட்பேன். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வேலையை ஆரம்பித்து நாசமான வண்டிகளை நிறையவே பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஒஹையோவில், பழைய கார்களுக்கு டிங்கரிங், பெயின்டிங், உள்வேலை செய்யும் பட்டறையில். இந்த வண்டிகள் எங்கள் பக்கம் அதிகம் தட்டுப்படக் காரணம், இவற்றைக் கட்டிய கம்பெனிகள் பலவும் இந்த மாநிலத்தில் இருந்தவை. லைமாவில் சுப்பீரியர், பிக்வாவில் மில்லர்-மீட்டியர், சின்சினாட்டியில் எஸ் அண்ட் எஸ் வண்டிகளைச் செய்த ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட், லவுடன்வில்லில் ஃப்ளெக்சிபிள். பழைய கார் வாங்கும் ஆசை இங்கே இருக்கும் நம்மவர்களுக்கும் வந்திருக்கிறது. நீளமான காடிலாக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று பார்த்தால் அது பல நேரம் அமரர் ஊர்தியாகத்தான் இருக்கும். வாங்கலாம், தயங்க ஒன்றுமில்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

கரூரில் பஸ் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சேஸிஸ் ஒரு கம்பெனியிலிருந்து வரும், பாடி வேறொருவர் கட்டுவார். காடிலாக்கும் அப்படித்தான் 'கமர்ஷியல் சேஸிஸ்' என்று தனியாக ஒன்று விற்றது. 1959-ல் சாதாரண காடிலாக்கின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 130 அங்குலம். இந்தச் சேஸிஸில் 156 அங்குலம். பானெட், முன் மட்கார்டு, டேஷ்போர்டு, 390 கன அங்குல வி8 என்ஜின் எல்லாம் காடிலாக்கினுடையது. கூரை, பின் பக்கம், நீளக் கதவுகள், தரை, உள்வேலை எல்லாம் பாடி கட்டும் கம்பெனி கையால் செய்தது. அதிலும் ஒவ்வொரு ஊர் இறுதிச்சடங்கு நிறுவனமும் தன் வசதிக்குக் கேட்டு வாங்கியது. கூரை எவ்வளவு உயரம், பெட்டியைப் பின்னால் ஏற்றுவதா பக்கவாட்டிலும் ஏற்றுவதா, ஜன்னலுக்குத் திரைச்சீலையா, ஜன்னலே இல்லாமல் மூடிய பக்கத்தில் 'லாண்டோ' என்னும் வளைந்த அலங்காரக் கம்பியா என்று எத்தனையோ தேர்வுகள். ஒரே வருஷம், ஒரே கம்பெனி, இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் நிறுத்தினால் உள்ளே ஒன்றுபோல இருக்காது. காடிலாக் அடித்த வண்டி எண் அது கமர்ஷியல் சேஸிஸ் என்பதைத்தான் சொல்லும். மேலே என்ன பாடி கட்டினார்கள் என்று சொல்லாது. அதற்குப் பாடி கம்பெனி அடித்த தனித் தகடு வேண்டும். வண்டி வாங்கும்போது அந்தத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் அடிக்கும்போது கழற்றி எங்கேயோ வைத்துத் தொலைத்துவிடுவது இந்தத் தகட்டைத்தான்.

ஆக, பாதி விஷயத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் புத்தகம் கிடையாது. உங்கள் வண்டி எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி உங்கள் வண்டிதான். அதைச் சுரண்டி, கழுவி, பளபளவென்று ஆக்கிய பிறகு கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலம் ஆம்புலன்ஸ் ஓட்டியதில் பெரும் பங்கு இறுதிச்சடங்கு நிறுவனங்களுடையது. 1966-ல் தேசிய அறிவியல் அகாடமி வெளியிட்ட விபத்து மரணங்கள் பற்றிய அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை 12,000 இறுதிச்சடங்கு நிறுவனத்தார் நடத்துவதாகச் சொன்னது. காரணம் எளிது: ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அதற்காகவே 'காம்பினேஷன்' என்று ஒரு வகை வண்டி கட்டினார்கள். காலையில் சவப்பெட்டியைச் சுமந்த வண்டி சாயங்காலம் நெடுஞ்சாலை விபத்துக்கு விளக்கு சுழற்றிக்கொண்டு ஓடும்.

காம்பினேஷன் வண்டியின் பின் கதவைத் திறந்து தரையை மட்டும் நிதானமாகப் பார்த்தாலே போதும், பாதி கதை அங்கே இருக்கும். பெட்டியை உருட்டி ஏற்ற ரப்பர் உருளைகள் இருக்கும். பல வண்டிகளில் உருளை பதித்த அந்தத் துண்டுகளைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம் சமதளம், அதன் மேல் ஸ்ட்ரெச்சர் ஏறும். பக்கவாட்டில் மடித்து வைத்திருக்கும் சின்ன சீட்டை விரித்தால் உடன் வருகிறவர் உட்காரலாம். பெட்டி நகராமல் பிடிக்க அதன் முன்னாலும் பின்னாலும் முளைகள் போடுவார்கள். அவை செருக, நீளத் தகடு ஒன்றில் வரிசையாகத் துளைகள். அந்தத் தகட்டைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு துளைகள் மட்டும் விளிம்பு தேய்ந்து நீள்வட்டமாகி, சுற்றிலும் குரோம் போய், அடியில் இருக்கும் உலோகம் தெரியும். அந்த ஊரில் வழக்கமாக வந்த பெட்டியின் நீளத்துக்கு வருஷக்கணக்காக அங்கேதான் முளை போட்டிருக்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் கொக்கியின் திருகுத் துளைகள் இரண்டு ஜோடியாக இருந்தால் நடுவில் ஸ்ட்ரெச்சர் மாடல் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தகட்டைக் கழற்றிப் புதுசாகக் குரோம் போடக் கொடுத்தால், பாலிஷ் சக்கரத்தில் இரண்டு நிமிடத்தில் இதெல்லாம் போய்விடும். பளபளப்பு வரும்தான். அந்தத் தகட்டைப் பொறுத்தவரை எனக்கு அது வேண்டாம், வாடிக்கையாளரிடமும் வேண்டாம் என்றுதான் வாதாடுவேன்.

சரி, அப்படியானால் எதையும் தொடக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. பிரேக், பெட்ரோல் குழாய், டயர், வயரிங் விஷயத்தில் நான் ஒரிஜினல் பேச்சே பேசுவதில்லை. 1959 காடிலாக்கில் பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போச்சு. 1962-ல்தான் காடிலாக், முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனியாக பிரேக் அழுத்தம் தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்தது. இவ்வளவு கனமான வண்டியை ரோட்டில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரட்டையாக மாற்றிவிடுங்கள், பழைய சிலிண்டரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள், அவ்வளவுதான். சேஸிஸில் புதுத் துளை போடாமல், நாளைக்கு வேண்டுமென்றால் பழையபடி மாட்டுகிற மாதிரி செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. துரு தின்ற தரையையும் வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டுகிற துண்டை அளந்து, படமெடுத்துவிட்டு வெட்டுங்கள்.

என் மனது ஆறாமல் இருப்பது வேறு விஷயத்தில். ஆம்புலன்ஸுக்கு அமரர் ஊர்தியை விடக் கூடுதல் விலை கிடைக்கிறது என்பதற்காக அமரர் ஊர்தியின் கூரையில் ஓட்டை போட்டு விளக்கு வைத்து, பக்கத்தில் சிவப்புப் பட்டை அடித்து ஆம்புலன்ஸ் என்று விற்கிறார்கள். 1984-ல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் படத்தில் 1959 மில்லர்-மீட்டியர் காடிலாக் வந்தது. அதற்கப்புறம் அதே வருஷத்து வண்டி எங்கே கிடைத்தாலும் அதைப் படத்து வண்டி மாதிரி ஆக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. துருப்பிடித்து, உள்ளே ஒன்றுமே மிஞ்சாத கூடு என்றால் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. உள்வேலை முழுசாக இருக்கும் வண்டியில் திரைச்சீலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதைச் செய்தால், திரும்பக் கிடைக்காத ஒன்றை அழிக்கிறோம். அந்தத் திரையின் துணி, அதன் மடிப்பு, தண்டவாளம் மாதிரி அது ஓடும் பித்தளைக் கம்பி எதுவும் இன்று கடையில் கிடைக்காது.

வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருக்க, கூரை உள் லைனிங்கின் ஓரத்தை மெதுவாக விலக்கிப் பார்க்கச் சொல்கிறேன். நிஜமாகவே விளக்கோடு கட்டிய வண்டியில் விளக்கின் கீழே கூரைத் தகட்டுக்கு வலுவூட்டும் துண்டு இருக்கும், வயர் மற்ற வயரிங்கோடு சேர்த்துத் தூணுக்குள் இறங்கியிருக்கும், வயரின் பழுப்பும் தூசியும் ஒரே வயதாக இருக்கும். பிற்பாடு போட்ட துளையின் விளிம்பு பளிச்சென்று இருக்கும், வயர் எங்கேயாவது டேப் சுற்றித் தனியாகத் தொங்கும். ஆனால் ஒன்று: பிற்பாடு போட்டதெல்லாம் மோசடி ஆகிவிடாது. அமரர் ஊர்தியாக வாங்கிய வண்டியை நாலைந்து வருஷம் கழித்து அந்த நிறுவனமே ஆம்புலன்ஸாக மாற்றி ஓட்டியதும் உண்டு. அந்தத் துளை அந்த வண்டியின் வாழ்க்கையில் நடந்த உண்மை.

அதற்கு நல்ல உதாரணம் நீல நட்சத்திரம். ஆறு கை கொண்ட 'ஸ்டார் ஆஃப் லைஃப்' சின்னம் வந்தது 1973-ல். அதற்கு முன் ஆரஞ்சு நிறச் சிலுவை போட்டார்கள், அது தங்கள் சின்னம் போலவே இருக்கிறது என்று செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்த பிறகுதான் மாறியது. இப்போது 1966 மாடல் ஆம்புலன்ஸின் கதவில் நீல நட்சத்திர ஸ்டிக்கர் இருந்தால், விஷயம் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் "இது தப்பு, உரிச்சிடுங்க" என்பார். அவசரப்படாதீர்கள். ஓரத்தில் ஒரு நூல் அளவு தூக்கிப் பாருங்கள். அடியில் இருக்கும் பெயின்ட் சுற்றியிருப்பதை விடத் தெளிவாக, வெயில் படாமல் இருந்தால் அது நெடுநாளாக அங்கேயே இருக்கிறது, அநேகமாக வேலையில் இருந்தபோதே ஒட்டியது. அதை எடுக்க எனக்குக் கை வராது. அடியிலும் சுற்றிலும் ஒரே மங்கல் என்றால் யாரோ சமீபத்தில் அழகுக்கு ஒட்டியது, எடுத்துவிடலாம். கண்காட்சியில் நடுவர் மதிப்பெண் குறைப்பாரோ என்று சிலருக்குக் கவலை. சேவையில் இருந்த காலத்துப் புகைப்படம் ஒன்று கையில் இருந்தால் யாருடனும் பேசலாம். வண்டி ஓடிய ஊரின் நூலகத்திலும் பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் தேடுங்கள்.

ஆதாரம் எவ்வளவு முக்கியம் என்று புரிய, சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் உடலைச் சுமந்ததாகச் சொல்லும் வண்டிகளைப் பார்த்தால் போதும். 1963 நவம்பரில் டாலஸ் மருத்துவமனையிலிருந்து விமான நிலையத்துக்கு அவர் உடலைக் கொண்டுபோன 1964 மாடல் காடிலாக் அமரர் ஊர்தி 2012-ல் 1.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்கு முந்தைய வருஷம், வாஷிங்டனில் அவர் உடலைச் சுமந்த கடற்படை ஆம்புலன்ஸ் என்று சொல்லி ஒரு 1963 பான்டியாக் 1.2 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் அந்த நிஜ வண்டி 1986-லேயே நசுக்கி அழிக்கப்பட்டுவிட்டது என்று கென்னடி நூலகம் சொன்னது, நசுக்கியபோது எடுத்த படங்களும் இருந்தன. இரண்டு வண்டிகளும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. பெயின்ட்டையும் குரோமையும் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது.

பெயின்ட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காற்றழுத்தத்தில் மணலை அடித்து பெயின்ட்டை உரிப்பதும், கெமிக்கல் தொட்டியில் முக்குவதும் வேகமான வழி. அதற்கு முன்னால் கண்ணில் படாத ஒரு மூலையில், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும்: வெள்ளை, அதன் கீழ் கறுப்பு, அதன் கீழ் பிரைமர் என்று. முன் கதவில் நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தால், மேலே எத்தனை கோட் அடித்திருந்தாலும், சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் விளிம்பு புடைத்துத் தெரியும். அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டால் பெயர் கிடைத்துவிடும், பெயர் கிடைத்தால் ஊர் கிடைக்கும், ஊர் கிடைத்தால் பழைய புகைப்படம் கிடைக்க வழி பிறக்கும்.

தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். இந்த வண்டிகளின் தகட்டு இணைப்புகளை இன்றைய பட்டி போட்டு மூடவில்லை, ஈயத்தை உருக்கி நிரப்பினார்கள்; நீட்டிக் கட்டிய பாடி என்பதால் சாதாரண காரை விட ஈயம் அதிகம். கிரைண்டர் வைத்தால் அந்தத் தூசி மூச்சிலும் துணியிலும் ஏறி வீட்டுக் குழந்தை வரை போகும். கிரைண்டரை வைக்காதீர்கள், பாடி ஃபைல் கொண்டு கையால் அராவுங்கள், விழுவதைச் சேகரித்து முறையாக அப்புறப்படுத்துங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதைக் காற்றடித்து ஊதவே கூடாது.

கூரை விளக்கும் சைரனும் வேலை செய்தால் சந்தோஷம்தான், ஆனால் தனியார் வண்டி பொது ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவதைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை. அதற்காகக் கழற்றி எறியவும் வேண்டாம். ஓட்டும்போது உறை போட்டு மூடி, சைரன் ஃபியூஸை எடுத்துவிட்டால் போதும். உங்கள் மாநில விதியை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

கழற்றிய ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒரே பெட்டியில் வையுங்கள். புதிதாகச் செய்து போட்ட பாகத்தின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், செய்த வருஷத்தைப் பொறித்துவிடுங்கள். வண்டியை விற்கும் நாள் வந்தால் அந்தப் பெட்டியும் வண்டியோடு போகட்டும், விளம்பரத்திலும் உள்ளதை எழுதுங்கள்: தரையும் தகடும் பழையவை, பெயின்ட் இரண்டாவது, பிரேக் மாற்றியது, கூரை விளக்கு பிற்பாடு பொருத்தியது.