ரீகால் – திரும்பப் பெறுதல்

விற்பனைக்குப் போய்விட்ட உணவுப் பொருள் பாதுகாப்பற்றது எனத் தெரிந்ததும், அதைத் தயாரித்தவரோ விநியோகித்தவரோ கடைகளிலிருந்தும் வாங்கியவர் வீட்டிலிருந்தும் எடுத்துக்கொள்வதே ரீகால்.

'ரீ' இலத்தீன் முன்னொட்டு. 'கால்' பழைய ஸ்காண்டிநேவியச் சொல்வழி வந்தது. சேர்த்தால் 'திரும்பக் கூப்பிடு'. தூதருக்கும் தேர்ந்தெடுத்த உறுப்பினருக்கும் 'திரும்ப அழைத்தல்' பொருந்தும். மிளகாய்த்தூள் பாக்கெட் கூப்பிட்டால் வராது; போய்த்தான் எடுத்து வரவேண்டும். 'வாபஸ்' வேட்புமனுவோடு நிற்கட்டும். உணவுக்குத் 'திரும்பப் பெறுதல்' சரியான சொல். இலங்கை வழக்கில் 'மீளப்பெறல்'.

கடைக்காரர் சொல்லும் 'ரிட்டர்ன்' வேறு. காலாவதியானதையும் கிழிந்ததையும், கடைகடையாகச் சரக்கு போடும் லைன் வண்டியில் ஏற்றிவிட்டுக் கணக்கில் கழித்துக்கொள்ளும் வணிக ஏற்பாடு அது. திரும்பப் பெறுதலோ சட்டக் கடமை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006, பிரிவு 28: சரக்கு சட்டத்துக்குப் புறம்பானது என்று நம்பக் காரணம் இருந்தாலே போதும், உடனே அதை விலக்கத் தொடங்கி, காரணத்தையும் சொல்லி, அதிகாரிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். இதற்கான நடைமுறை விதிகள் 2017இல் வந்தன. ஐரோப்பியச் சட்டம் இதையே இரண்டாகப் பிரிக்கிறது: நுகர்வோர் கைக்குப் போகும் முன் எடுப்பது 'விலக்கல்', போன பின் எடுப்பது 'திரும்பப் பெறுதல்'. நாமும் அப்படிப் பிரித்து எழுதினால் குழப்பம் குறையும்.

எல்லாம் பேட்ச் எண்ணில்தான், அதாவது ஒரு தடவை தயாரித்த சரக்குக்கு அடிக்கும் அடையாள எண்ணில்தான், இருக்கிறது. பிரிவு 26இன்படி, ஒரு பேட்சில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்றால் பேட்ச் முழுவதுமே அப்படித்தான் எனக் கொள்ளப்படும். விரிவாக ஆராய்ந்து அப்படியில்லை என்று காட்டினால்தான் விலக்கு. ஒரு நாளில் அரைத்த 1,000 கிலோ மிளகாய்த்தூளுக்கு ஒரே எண் அடித்தால், 200 கிராம் பாக்கெட் 5,000ஐயும் தேடிப் பிடிக்க வேண்டும். அரைக்கும் மிளகாய் மூட்டை மாறும்போதே எண்ணை மாற்றியிருந்தால் அதில் ஒரு பங்கைத் தேடினால் போதும். பலர் சறுக்குவது பில்லில்: பேட்ச் எண் பாக்கெட்டில் இருக்கும், பில்லில் இருக்காது. எந்த டீலருக்கு எது போனது என்று சொல்ல முடியாமல், நல்ல சரக்கையும் சேர்த்தே எடுக்க நேரும். எடுத்து வந்ததைக் குடோனில் தனியே பூட்டி, 'விற்பனைக்கல்ல' என்று எழுதி ஒட்டாவிட்டால் அடுத்த லோடிலேயே அது கலந்து வெளியே போய்விடும்.

சில்லறைக் கடைக்காரரும் தப்பிவிட முடியாது. யாரிடம் வாங்கினார் என்று அடையாளம் காட்ட முடியாத சரக்குக்குப் பிரிவு 27இன்படி விற்றவரே பொறுப்பு. பில் இல்லாமல் வாங்கி அடுக்குவது அதனால்தான் ஆபத்து.