தண்ணீர் உள்ளே, இலை வெளியே: வளைந்த கட்டர் மூடி எப்படி வேலை செய்கிறது?

குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் விழும்போது ஒரு ஸ்பூனின் முதுகை அதில் லேசாகத் தொட வைத்துப் பாருங்கள். தண்ணீர் நேரே கீழே விழாது, ஸ்பூனின் வளைவைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் திரும்பும், கூடவே ஸ்பூனும் தண்ணீரின் பக்கம் இழுபடுவது விரலில் தெரியும். கூரை விளிம்பில் மழைநீரைப் பிடிக்கும் நீளமான வாய்க்கால்தான் கட்டர் (gutter). அதன் மேல் மாட்டும் வளைந்த மூடி இதை நம்பித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

கட்டருக்குள் இலை விழுந்து அடைத்துக்கொண்டால் மழைநீர் சுவரில் வழியும். வலை போடலாம், ஆனால் வலையின் மேலேயே இலை படிந்துவிடும். வளைந்த மூடியில் வலையே கிடையாது. கட்டரின் மேல்பக்கத்தை ஒரு தகடு முழுதாக மூடியிருக்கும், அதன் முன் விளிம்பு மட்டும் மூக்கு மாதிரி உருண்டு, கீழே இறங்கி, உள்பக்கம் மடிந்திருக்கும். மூக்குக்கும் கட்டரின் முன்சுவருக்கும் நடுவே சுமார் 1 செ.மீ. இடுக்கு. தண்ணீர் மூக்கைச் சுற்றிப் போய் அந்த இடுக்கில் இறங்கிவிடும். இலையால் அப்படி வளைய முடியாது, வந்த வாக்கில் விளிம்பைத் தாண்டித் தரையில் விழும்.

சரி, தண்ணீர் ஏன் வளைகிறது? தகட்டை நனைத்த தண்ணீர் அதோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த மெல்லிய நீர்ப்படலத்தின் வெளிப்பக்கத்தைப் பரப்பு இழுவிசை ஒரு தோல் போல இழுத்துப் பிடிக்கிறது. படலம் வளைந்து ஓடும்போது தகட்டை ஒட்டிய பக்கத்தில் அழுத்தம் கொஞ்சம் குறையும், வெளியே இருக்கும் காற்று அதை வளைவை நோக்கி அழுத்தும். மெதுவாகச் சாய்த்தால் டீ பாத்திரத்தின் மூக்கு வழியாக அடியில் வழிகிறதே, அதே கதைதான். 1956-இல் மார்கஸ் ரெய்னர் என்ற விஞ்ஞானி அதற்கு டீபாட் விளைவு என்றே பெயர் வைத்தார், அடுத்த வருடமே கணிதவியலாளர் ஜோசப் கெல்லர் அழுத்த வேறுபாட்டை வைத்து அதை விளக்கினார். பலர் இதைக் கோஆண்டா விளைவு என்பார்கள், ஆனால் அது காற்றுக்குள் பாயும் காற்றுக்கும் நீருக்குள் பாயும் நீருக்கும் உரியது. இங்கே அந்தப் பெயர் சரியாகப் பொருந்தாது என்பது என் கருத்து.

இதில் எல்லாமே வேகத்தில்தான் நிற்கிறது. நீரை வளைக்கத் தேவையான விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு வேண்டும். படலம் தடித்தால் அதுவும் கூடுகிறது. 10 மீட்டர் விளிம்பில் 50 சதுர மீட்டர் கூரை வடிகிறது என்று வையுங்கள். மணிக்கு 60 மி.மீ. கனமழையில் நிமிடத்துக்கு 50 லிட்டர் வரும். கேட்கப் பெரிதாக இருந்தாலும், விளிம்பு முழுக்கச் சமமாகப் பரவினால், வழவழப்பான கூரையில் படலத்தின் தடிமன் அரை மி.மீ.கூட இருக்காது. மூடி அதைச் சுலபமாக வளைத்துவிடும். ஆனால் இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மூலையில் இரு பக்கத்துத் தண்ணீரும் ஒரே இடத்தில் தடிப்பாக, வேகமாகப் பாயும், அங்கே மூக்கைத் தாண்டிக் குதித்துவிடும். செங்குத்தான கூரைக்கும் அதே பிரச்சினை. சில மூடிகளில் நீளவாக்கில் சின்ன மேடுகள் இருக்குமே, அவை தண்ணீரைத் தடுத்துப் பரப்பி வேகத்தைக் குறைப்பதற்காக.

அப்புறம் தகடு நனைய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ மெழுகோ இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நின்று பிடியை விட்டுவிடும், புதுத் தகட்டில் இதைக் கவனிக்க வேண்டும். மூக்கில் காய்ந்த அழுக்குப் படிந்தாலும் தண்ணீர் அந்த இடத்தில் பிரிந்து கீழே கொட்டும்.

இலையே விழாது, இனி ஏணியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காய்ந்த பெரிய இலை தாண்டிவிடும், ஆனால் நனைந்த சின்ன இலை, விதை, பூவிதழ், கூரைத் தூசி இவையெல்லாம் படலத்தோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் போகும் வழியிலேயே உள்ளே போகும். உள்ளே சேர்ந்த குப்பையை எடுக்க மூடியைக் கழற்ற வேண்டும், மாட்டும்போதே கழற்ற வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோதிக்க நினைத்தால் ஹோஸை மூக்கின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம், அந்த வேகத்தில் எந்த மூடியும் தோற்கும். கூரையின் மேல்பகுதியில் தண்ணீரை விட்டு, அது தானாக வழிந்து வரட்டும், நீங்கள் கீழே நின்று எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள்.