மேற்கோள் அல்ல, உறுப்புச் சுட்டு

இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் நிரல்களைப் பற்றித் தமிழில் வரும் பயிற்சிக் கையேடுகளில் ‘பொருள் மேற்கோள்’ என்ற தொடரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. உலாவியை நிரல் வழியே இயக்கிச் சோதிக்க உதவும் செலினியம் என்ற கருவி காட்டும் ‘ஸ்டேல் எலிமென்ட் ரெஃபரன்ஸ்’ என்ற பிழையை ஒரு கையேடு ‘காலாவதியான பொருள் மேற்கோள்’ என்று பெயர்த்திருக்கிறது. காரைக்குடியில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருவர், “எந்த நூலிலிருந்து எடுத்த மேற்கோள் ஐயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு தவறும் இல்லை. கம்பன் விழா நடக்கும் ஊரில் மேற்கோள் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

ரெஃபரன்ஸ் இலத்தீன் வழி வந்த சொல். ‘ரீ’ என்றால் திரும்ப, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்லுதல். ஒன்றிடம் நம்மைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது என்று கொள்ளலாம். மூலச்சொல்லைப் பற்றி இவ்வளவு போதும்.

சோதனை நிரலில் இது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ‘சமர்ப்பி’ என்ற பொத்தானைத் தேடச் சொல்லி நிரல் உலாவியிடம் கேட்கிறது. உலாவி பொத்தானையே எடுத்துக் கையில் கொடுப்பதில்லை. அந்தப் பொத்தானுக்கென்று ஓர் அடையாளச் சரத்தை, அதாவது எழுத்துகளும் எண்களும் கோத்த ஒரு குறியீட்டை, திருப்பி அனுப்புகிறது. நிரலும் உலாவியும் பேசிக்கொள்வதற்கென 2018இல் செந்தரமான வெப்டிரைவர் நெறிமுறையும் அப்படித்தான் வகுத்திருக்கிறது. அதன்பின் ‘சொடுக்கு’, ‘எழுத்தைப் படி’ என்று நிரல் சொல்வதெல்லாம் அந்தச் சரத்தை முன்வைத்துத்தான்.

மேற்கோள் இதற்கு நேர் எதிர். பிறர் சொல்லை அப்படியே எடுத்துவந்து நம் எழுத்துக்குள் வைப்பது மேற்கோள். மூலநூல் தொலைந்தாலும் மேற்கோள் நிற்கும். உலாவி கொடுத்த சரத்தில் பொத்தானின் நகல் இல்லை, நிறமில்லை, எழுத்தில்லை. பொத்தான் போனால் சரம் எதற்கும் உதவாது. உள்ளே கொண்டுவருவதைக் குறிக்கும் சொல்லை, வெளியே காட்ட மட்டும் செய்யும் ஒன்றுக்கு எப்படி வைத்தார்கள்? அகராதியில் ரெஃபரன்சுக்கு எதிரே முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வேலை விண்ணப்பத்தில் அதே சொல் வந்தால் ‘பரிந்துரையாளர்’ என்று எழுதத் தெரிந்தவர்கள் இங்கே மட்டும் ஏன் யோசிப்பதில்லை?

நமக்குச் சொல் இல்லாமலும் இல்லை. “அ இ உ அம்மூன்றும் சுட்டு” என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. ‘அவ்வீடு’ என்றால் வீடு சொல்லுக்குள் வந்துவிடுவதில்லை. எந்த வீடு என்று தெரிகிறது. ரெஃபரன்சின் வேலையும் இதுதானே? ஆகவே எலிமென்ட் ரெஃபரன்ஸ் என்பதற்கு ‘உறுப்புச் சுட்டு’ என்பேன். ‘சுட்டி’ வேண்டாம், அது ஏற்கெனவே மவுசுக்கும் சி மொழியின் பாயின்டருக்கும் இணைய இணைப்புக்கும் சேர்த்து உழைக்கிறது. ‘சுட்டு’ என்றால் துப்பாக்கி நினைவு வருகிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ‘சுட்டிக்காட்டினார்’ என்று நாளிதழில் தினமும் படிக்கிறோம், யாரும் பதறுவதில்லை.

‘காலாவதி’ இன்னும் கெடுதல். காலம் கடந்ததால் இந்தப் பிழை வருவதில்லை. பக்கத்தின் ஒரு பகுதி மறுபடி வரையப்படும்போது பழைய பொத்தான், உலாவி பக்கத்தின் உறுப்புகளைக் கிளை கிளையாக அடுக்கி வைத்திருக்கும் மரத்திலிருந்து கழன்றுவிடுகிறது. அதே இடத்தில், அதே பெயரோடு புதிய பொத்தான் நிற்கிறது. செட்டிநாட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் வேறு வீடு கட்டுகிறார்கள். விலாசம் மாறவில்லை. ஆனால் பழைய நிலைக்கதவு முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில் சாய்ந்து கிடக்கிறது. அந்தக் கதவை எவ்வளவு தட்டினாலும் புது வீட்டில் யாரும் திறக்கப்போவதில்லை. விலாசத்தைக் கொண்டு மறுபடி தேடிப் போக வேண்டும். பக்கத்தில் ஓர் உறுப்பைத் தேட நிரலில் எழுதும் ஐடி, சிஎஸ்எஸ் தேர்வி, எக்ஸ்பாத் எல்லாம் விலாசம். தேடிக் கிடைத்தது சுட்டு. இரண்டையும் ‘மேற்கோள்’ என்றே எழுதும் கையேடும் இருக்கிறது!

சொல் தவறினால் வேலையும் தவறுகிறது. ‘காலாவதி’ என்று படித்த மாணவர்கள் பத்து விநாடி காத்திருக்கும் வரியைச் சேர்க்கிறார்கள். கழன்ற பொத்தான் காத்திருந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளுமா? ‘அறுந்த சுட்டு’ என்று நான் எழுதிப் போட்ட பிறகு, எங்கே அறுந்தது என்று தேடுகிறார்கள். சோதனைத் தொகுப்பை ஆராய அதுவே சரியான கேள்வி. விலாசம் எந்த வரியில் எழுதியிருக்கிறது, சுட்டு எந்த வரியில் பெறப்பட்டது, எந்த வரியில் பயன்பட்டது, பெற்றதற்கும் பயன்பட்டதற்கும் நடுவே பக்கத்தை மாற்றிய செயல் எது? சுட்டை நிரலின் ‘கிளாஸ்’ எனப்படும் வகுப்பின் தொடக்கத்திலேயே பெற்று ஒரு மாறியில் (வேரியபிள்) வைத்துக்கொண்டு, வடிகட்டியைச் சொடுக்கி, பட்டியல் புதிதாக வரையப்பட்ட பின்னும் பழையதையே பயன்படுத்தும் நிரலைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

‘பொருள்’ என்பதையும் விடுவதற்கில்லை. பக்கத்தில் இருப்பது எலிமென்ட். அதற்கு ‘உறுப்பு’ இருக்கிறது. ‘ஆப்ஜெக்ட் ரெப்பாசிட்டரி’ என்பதைப் பெயர்த்த ‘பொருள் களஞ்சியம்’ என்ற தலைப்பைப் பார்த்துச் சொற்பொருள் அகராதி என்று நினைத்தவர்களும் உண்டு. மொழிபெயர்க்க உட்காருகிறவர்கள் ஒரு சோதனையையாவது ஓட்டி, அது உடைவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.