ஹன்சார்ட்: அவைக்குறிப்பு

நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் பேசியதை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் பதிந்து வெளியிடும் அதிகாரபூர்வ அறிக்கைக்கு ஹன்சார்ட் என்று பெயர். பேச்சுவாக்கில் திரும்பத் திரும்ப வருவதையும் வெளிப்படையான பிழைகளையும் பதிவாளர்கள் நீக்கலாம். பொருள் மாறும்படி எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பிரிட்டன், கனடா, மலேசியா, சிங்கப்பூர் என்று பல நாடுகளில் இந்தச் சொல் வழங்குகிறது. இலங்கைத் தமிழில் 'ஹன்சாட்'.

இது தாமஸ் கர்சன் ஹன்சார்ட் என்ற லண்டன் அச்சகக்காரரின் பெயர். ஆனால் இந்தப் பதிவைத் தொடங்கியவர் அவர் அல்லர், வில்லியம் காபெட். சொல்லில் அவர் பெயர் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

காபெட் 1763-ல் சர்ரி மாவட்டத்து ஃபார்னமில் பிறந்த உழவர் மகன். பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்தபோது தானாகவே இலக்கணம் படித்தார். படுக்கை விளிம்புதான் இருக்கை, முதுகுப்பைதான் புத்தக அலமாரி, மடியில் வைத்த பலகைத் துண்டுதான் மேசை. 1802-ல் 'பொலிட்டிக்கல் ரெஜிஸ்டர்' என்ற வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே, செய்தித்தாள்களில் வந்த நாடாளுமன்றப் பேச்சுகளைத் திரட்டி வெளியிட ஆரம்பித்தார்.

1809-ல் ஈலி நகரில், முதுகுப்பைக்காகச் சம்பளத்தில் பணம் பிடித்ததை எதிர்த்த உள்ளூர்ப் படைவீரர்களுக்குக் கசையடி கொடுத்தார்கள். அதைக் கண்டித்துக் காபெட் காரமாக எழுதினார். அரசு அவதூறு வழக்குப் போட்டது. 1810-ல் 2 ஆண்டு நியூகேட் சிறை, 1,000 பவுண்டு அபராதம். அச்சிட்டுக் கொடுத்த ஹன்சார்டும் 3 மாதம் உள்ளே போனார். கடன் நெருக்கவே, 1812-ல் விவாதத் தொகுப்பை அவரிடமே காபெட் விற்றுவிட்டார். 1829-ல் ஹன்சார்ட் தன் பெயரை முகப்பில் போட, அதுவே நிலைத்தது.

அப்புறம், வாக்குரிமையை விரிவாக்கிய 1832-ன் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு நடந்த தேர்தலில், 69 வயதில் ஓல்டாம் தொகுதியிலிருந்து காபெட் நாடாளுமன்றம் சென்றார். ஏழைகளுக்கான உதவியை இறுக்கிய 1834-ன் ஏழைகள் சட்டத்தை அங்கே கடுமையாக எதிர்த்தார். அந்தப் பேச்சுகள் ஹன்சார்டின் பெயரைத் தாங்கிய தொகுதிகளில்தான் இருக்கின்றன. 1835-ல் காலமானார். 1909-ல் பதிவு செய்யும் வேலையை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கை நாடாளுமன்றம் 'பாராளுமன்ற விவாதங்கள்', 'அதிகார அறிக்கை' என்று அச்சிடுகிறது. பொருள் சரிதான், ஆனால் நீளம். தமிழ்நாட்டுச் செய்திகளில் தினமும் புழங்கும் 'அவைக்குறிப்பு' என்பதே என் தேர்வு. குறிப்பு என்றால் சுருக்கம் என்று சிலர் தயங்கலாம். ஆனால் 'அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது' என்று படிக்கும் யாரும், பேசிய சொற்களையே நீக்கியதாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். தீர்மானங்களையும் வாக்கெடுப்பு முடிவுகளையும் மட்டும் பதியும் ஏடு வேறு. அதற்கு இந்தச் சொல்லைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எடுத்துக்காட்டு: அமைச்சர் அன்று கொடுத்த வாக்குறுதி அவைக்குறிப்பில் அப்படியே இருக்கிறது.