பயத்துக்குப் பெயர் சொன்னால்

"மனசுல இருக்கறத வெளிய சொன்னா பாரம் குறையும்னு சொல்றாங்களே, அதுக்கு அறிவியல்ல ஆதாரம் இருக்கா, இல்ல வெறும் ஆறுதலா?" என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். ஆதாரம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆதாரமும்கூட.

மூளைக்குள் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. ஆபத்து என்று பட்டதும் அது உடலை உசுப்பிவிடும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். சரி, அந்த அமிக்டலாவை அடக்குவது எது?

2007-இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழு, 30 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டியது. சில முகங்களின் கீழே இரண்டு உணர்ச்சிகளின் பெயர்கள் இருக்கும். பொருந்துவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு சிலவற்றின் கீழே ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர். இரண்டிலும் வேலை ஒன்றுதான், முகத்துக்கு ஒரு சொல்லைப் பொருத்துவது. ஆனால் ஆள் பெயரைப் பொருத்தியபோது இருந்ததைவிட, 'கோபம்' என்று பொருத்தியபோது அமிக்டலா அடங்கியிருந்தது. வலது நெற்றிக்குப் பின்னால் முன்மூளையின் ஒரு பகுதி அப்போது சுறுசுறுப்பாகியிருந்தது. அது எவ்வளவு ஏறியதோ, அமிக்டலா அவ்வளவு இறங்கியது.

அவர்களிடம் யாரும் 'அமைதியாக இரு' என்று சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. சரியான சொல்லைத் தேடி எடுத்தார்கள், அவ்வளவுதான். பொங்கி வரும் பாலில் ஒரு கை தண்ணீர் தெளிப்போமே, அது போல. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். பொங்குவது மட்டும் அடங்கும்.

2012-இல் அதே பல்கலைக்கழகத்தில், சிலந்தி என்றாலே நடுங்கும் 88 பேரை உயிருள்ள ஒரு பெரிய டரான்டுலா சிலந்தியை நெருங்கச் சொன்னார்கள். ஒரு குழு தன் பயத்தை அப்படியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னொரு குழு, 'இது ஒன்றும் செய்யாது' என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றொரு குழு வேறு எதையாவது பேச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் சிலந்தி முன் நிறுத்தி, கையின் வியர்வையை அளந்தார்கள். குறைவாக வியர்த்தது, பயத்தைப் பயம் என்று சொன்னவர்களுக்குத்தான். 'பயப்படாதே, வேற எதையாவது நினை' என்றுதானே நாம் எல்லோரும் அறிவுரை சொல்கிறோம்!

'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பது பெயர் சொல்வதாகாது. மனச்சோர்வு நோய்க்கும் இது மட்டும் போதாது, மருத்துவர் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸை, அதாவது 14416-ஐ, எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

தப்பான பெயர் வைப்பதும் உண்டு. 'பேய் பிடிச்சிருக்கு' என்பதும் ஒரு பெயர்தான். அப்படிப் பெயர் வைத்துத்தான் பலரையும் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடிக்கு அழைத்துப் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட முடியாமல் செத்துப்போனார்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் என்ன கெடுதல் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் அந்தத் தேதியைத்தான் சொல்வேன்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. இந்தச் சோதனைகள் ஆங்கிலத்தில் நடந்தவை. நாமோ மனதின் வேதனையை உடம்பில் வைத்துப் பேசுகிறவர்கள்: வயிறு எரியுது, நெஞ்சு அடைக்குது, மனசு கனக்குது. 'நெஞ்சு அடைக்குது' என்று சொன்னால் அமிக்டலா அடங்குமா, 'பயமா இருக்கு' என்றே சொல்ல வேண்டுமா? தமிழ் பேசுகிறவர்களை வைத்து இதை ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

பெரியப்பா இறந்த பிறகு என் பெரியம்மா இரண்டு வருடம் 'நெஞ்சு அடைக்குது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு முறை ஈசிஜி எடுத்தோம், நான்கிலும் கோளாறு இல்லை. அப்புறம் ஒருநாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல், "ராத்திரி தனியாப் படுக்கப் பயமா இருக்குடா" என்றார். அந்த வாரமே மனநல மருத்துவரிடம் போனோம். நானும் முறத்தின் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி, அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் பேசியதைக் கேட்டேன்.