மூலைவிட்டம்: சொல்லும் கணக்கும்

சதுரமான ஓர் இடத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நேராக இழுக்கும் கோட்டைப் பலரும் 'டயகனல்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடாக, 'கோனியா' என்றால் மூலை அல்லது கோணம். மூலையிலிருந்து மூலைக்கு ஊடாகச் செல்வது என்பதே அதன் பொருள். அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது.

தமிழில் இதற்கு மூலைவிட்டம் என்று பாடநூல்களில் ஊன்றிவிட்ட நல்ல சொல் இருக்கிறது. வட்டத்தின் நடுவே ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் கோடு விட்டம். கூரையைத் தாங்க சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் மரமும் விட்டம்தான். அந்த விட்டம் மூலைக்கு மூலை கிடந்தால் மூலைவிட்டம். கேட்டவுடன் படம் கண்முன் வந்துவிடும்.

சிலர் இதைக் கர்ணம் என்பார்கள். அது செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின் பெயர். இலங்கைப் பாடநூல்களில் செம்பக்கம். சதுரத்தை மூலைவிட்டத்தால் பிளந்தால் இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். சதுரத்துக்கு மூலைவிட்டமாக இருந்த அதே கோடு, அவற்றுக்குக் கர்ணம். குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. முக்கோணத்துக்கு மூலைவிட்டமே கிடையாது, அடுத்தடுத்து இல்லாத இரு மூலைகள் அதில் இல்லையே. 'குறுக்குக்கோடு' என்பதும் போதாது. குறுக்கே போகும் எந்தக் கோட்டுக்கும் அது பொருந்திவிடும்.

சரி, நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு சதுர ஓடுகளை இரண்டுக்கு இரண்டாகப் பதித்துப் பாருங்கள். ஒவ்வோர் ஓட்டிலும், நான்கு ஓடுகளும் சந்திக்கும் நடுப்புள்ளியைத் தொடாத மூலைவிட்டத்தை வரையுங்கள். நான்கு கோடுகளும் சேர்ந்து, சாய்ந்து நிற்கும் ஒரு புதுச் சதுரம் உருவாகும். அதற்குள் இருப்பவை நான்கு அரை ஓடுகள், அதாவது இரண்டு ஓடுகளின் பரப்பு. அந்தப் புதுச் சதுரத்தின் பக்கமோ ஓர் ஓட்டின் மூலைவிட்டம். ஆக, மூலைவிட்டத்தின் வர்க்கம் பக்கத்தின் வர்க்கத்தைப் போல இரு மடங்கு. பக்கத்தை 2-இன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 1.4142-ஆல், பெருக்கினால் மூலைவிட்டம் வந்துவிடும். பக்கம் 4 மீட்டர் என்றால் மூலைவிட்டம் 5.657 மீட்டர்.

வேள்விமேடை அமைக்கக் கயிறு பிடித்து அளந்தவர்களின் நூலான பௌதாயன சுல்ப சூத்திரம் இந்த இரு மடங்கு உண்மையைச் சொல்கிறது. அதில் மூலைக்கு மூலை பிடிக்கும் கயிற்றுக்கு 'அக்ஷ்ணயா ரஜ்ஜு' என்று பெயர். 2-இன் வர்க்கமூலத்துக்கு அது தரும் பின்னம் 577/408. ஐந்து தசம இடம் வரை சரியாக வருகிறது. கயிறும் முளையும் வைத்து வேலை செய்தவர்களுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

வர்க்கமூலமே இல்லாமல் கர்ணம் காண ஒரு தமிழ்ச் செய்யுள் இணையத்தில் சுற்றுகிறது. நீளமான பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, மீதியோடு சிறிய பக்கத்தின் பாதியைச் சேர் என்பது அதன் சாரம். 3, 4 பக்கங்களுக்கு மிகச் சரியாக 5 வரும். ஆனால் சதுரத்துக்கு அதை நம்பக் கூடாது. 4 மீட்டர் சதுரத்துக்கு 5.5 மீட்டர்தான் தருகிறது, கிட்டத்தட்ட 16 சென்டிமீட்டர் குறைவு. அந்த அளவுக்கு ஒரு கம்பியை வெட்டினால் மூலையை எட்டாது. மனக்கணக்கு வேண்டுமானால் பக்கத்தை 7/5-ஆல் பெருக்கினால் போதும்: 5.6 மீட்டர், பிழை 6 சென்டிமீட்டருக்கும் குறைவு.

எழுதும்போது மூலைவிட்டம் என்று ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதலாம். 'டயகனலாக வை' என்பதற்கு 'மூலைக்கு மூலை வை' என்பதே இயல்பு. எண்களை வரிசை வரிசையாகக் கட்டங்களில் அடுக்கும் அணிக்கணிதத்தில் (மேட்ரிக்ஸ்) மூலைவிட்ட அணி என்கிறோமே, அங்கும் இதே சொல்தான். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் செல்லும் உறுப்புகளைத் தவிர மற்றவை எல்லாம் பூச்சியமாக இருக்கும் சதுர அணி அது.